கசக்காத கொயினா

தலைக்கனம் பிடித்தவன் என்று ஊரில் சொன்னால் மஸ்தானுக்கு வருத்தமில்லை. போடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர்களில், பட்டணத்துக் கல்லூரியில் மருந்து செய்யப் படித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஊர் திரும்பியவன் அவன் ஒருவன்தான். இல்லாத கனத்தையா சுமக்கிறான்?

அன்று காலை ஜீப்பில் போடிமெட்டுக்கு ஏறும்போதும் அந்தக் கனம் குறையவில்லை. ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் சுருளியம்மாளின் நாலு வயது மகள் செல்லக்கிளி மலைக்காய்ச்சலில் கிடந்தாள். அதற்கான கசப்பு மருந்து கொயினா. கொடுத்தால் துப்பினாள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் வாந்தி எடுத்தாள். மருந்து உள்ளே தங்காவிட்டால் பிள்ளையும் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மஸ்தான் கொண்டுபோனது கசக்காத கொயினா. ஆலைகளில் தண்ணீரைப் பக்குவப்படுத்தப் போடும் ரெசின் என்ற செயற்கைப் பிசினைப் பொடித்து, கொயினாக் கரைசலில் ஊறவைத்து, கழுவி உலர்த்தியிருந்தான். பிசின் கொயினாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், நாக்குக்குத் தெரியாது. வயிற்றுக்குள் போனதும் அங்கிருக்கும் அமிலம் அதை விடுவித்துவிடும். தானே சாப்பிட்டுப் பார்த்து, டாக்டரிடமும் காட்டி, அளவு கேட்டு வந்திருந்தான்.

சுருளியம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். ஏலக்காயைக்கூடக் கடித்துப் பார்த்துத்தான் நம்புகிற மலை அது. அவள் முகம் சுண்டிப்போனது.

"கசப்பே இல்லையே. மூத்தவனுக்கும் ஒருத்தன் இப்படித்தாண்ணே வெறும் வெள்ளைப் பொடியக் குடுத்தான். அவனத் தூக்கிக் குடுத்துட்டேன். இவளக் குடுக்க மாட்டேன்."

மஸ்தானுக்குச் சுருக்கென்றது. பிசின், அமிலம் என்று அவன் விளக்கியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஏமாந்து பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பேச்சு எதற்கு ஆகும்? ஆனால் தன் மருந்தை அவன் அறிவான். உப்பைக் கண்டாலும் பிசினின் பிடி தளர்ந்துவிடும்.

"உப்புக் கொண்டா, தங்கச்சி," என்றான்.

இன்னொரு சிட்டிகைப் பொடியோடு உப்பையும் சேர்த்து வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அவள் கண்கள் விரிந்தன. முகம் கோணியது. தொண்டைவரை கசப்பு இறங்கியது. அசல் கொயினா. மஸ்தான் கையைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றான்.

அவன் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. பாயில் கிடந்த செல்லக்கிளி ஆத்தாளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். மஸ்தான் கட்டியிருந்த கையைத் தொங்கவிட்டான். இதற்கு அவனிடம் மருந்து இல்லை.

சுருளியம்மாள் துப்பவில்லை. தண்ணீர்ச் செம்பையும் தொடவில்லை. வாயில் இருந்ததை விழுங்கினாள். கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மிச்சப் பொடியைத் தேனில் குழைத்தாள். மகளைத் தூக்கி மடியில் வைத்துச் சிரித்தாள்.

"ஆத்தா தின்னுட்டேன் பாரு. நல்லாத்தான் இருக்கு. வாயத் தொற, கண்ணு."

செல்லக்கிளி அந்தச் சிரிப்பை உற்று உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கடைசிச் சொட்டு உள்ளே இறங்கும்வரை சுருளியம்மாள் சிரிப்பதை நிறுத்தவில்லை.