விடாப்பிடிக் கயிறு

கயிற்றுக் கடையின் நீண்ட மேசைமேல் சுருள் சுருளாகக் கிடந்தவற்றை அணில் ஒவ்வொன்றாக விரலிடையில் உருட்டிப் பார்த்தான். மரமேறும் தொழில் அவனுக்கு ஈந்த பெயர் அது. பெற்றவர் இட்ட பெயரை மனைவியே மறந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற சகலை, அவள் தங்கையை மணந்தவன், வாய்விட்டுக் கொட்டாவி விட்டான்.

“அண்ணே, கயிறு வாங்க வந்தோமா, பொண்ணு பாக்க வந்தோமா? ஏதாவது ஒண்ண எடு.”

“இதுலதான் தம்பி நீ தொங்கப்போற. பாத்துதான் எடுக்கணும்.”

“அதுக்குத்தானே உன்னக் கூட்டிட்டு வந்தேன். ஏற முடியாட்டியும் கயிறு பாக்க முடியும்ல?”

கடைக்காரர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அணில் சிரித்தான். அவன் இடுப்பெலும்பைப் பிணைத்திருந்த உலோகத் தகடு மட்டும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை.

சென்ற ஆண்டுவரை சகலை அவனிடம் தரையாள்; கீழே நின்று, வெட்டிய கிளைகளைக் கயிற்றால் இறக்குபவன். அணில் எந்த நிறுவனத்தையும் சாராதவன். அழைத்தவர் மரத்தில் ஏறுவான். அடுத்தவர் அழைப்பதற்கு முதலீடு அவன் நற்பெயர் ஒன்றே. அத்தொழிலில் ஆளைத் தாங்கும் ஏறுகயிறு வேறு, கட்டையைத் தாங்கும் இறக்குகயிறு வேறு. அடிமரத்தில் சுற்றிக் கட்டையை இறக்கும்போது கயிறு கொதிக்கும். மேலுறை பழுதின்றித் தோன்ற, உள்ளிழைகள் உருகிச் செத்துக் கிடக்கும். ஆகவே இரண்டையும் ஒருபோதும் மாற்றிப் பயன்படுத்தலாகாது.

ஒரு வெள்ளிக்கிழமை அணில் சாண்சாணாகத் தடவிச் சோதித்துப் பையில் இட்ட ஏறுகயிற்றைச் சகலை சொல்லாமல் எடுத்துப்போனான். வேறொரு தோட்டத்தில் அதைக்கொண்டு பைன் மரக் கட்டைகளை இறக்கினான். பின்பு சோப்பு நீரில் அலசி, உலர்த்தி, முன்போலவே சுருட்டிப் பையில் வைத்தான். சோதித்த கயிறு என்ற நம்பிக்கையில் திங்களன்று அணில் ஏறினான், விழுந்தான்.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அறுந்த முனையின் உறையைப் பிளந்து பார்த்தான். உள்ளே, அவ்வாண்டு அவன் தொட்டே இராத பைன் மரத்தின் பிசின்.

அதற்குள் சகலை ஊரெல்லாம் சொல்லிவிட்டான்: “பழங்கயித்தை மாத்துண்ணேன்னு சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுது. கேட்டாத்தானே?” தன் கயிற்றையே பேணாதவன் என்று பெயரெடுத்தவனை எவரும் தம் மரத்தருகே விடுவதில்லை. அணிலை அழைத்தவர்கள் சகலையை அழைக்கலாயினர். பிசினைக் காட்டியபோது, விழுந்தவன் சாக்குத் தேடுகிறான் என்றனர். அன்று தொட்டு வைகறைதோறும் விளக்கின்முன் நின்று அணில் இரந்தது ஒன்றே: செய்ததைச் சகலையின் வாயே சொல்ல வேண்டும்.

தெய்வம் செவிசாய்த்தது போலும். சகலை வழக்கமாக, கயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் இயந்திரப் பிடி கொண்டு ஏறுபவன், அது பழுதுபட்டது. பெரிய குடியிருப்பொன்றில் நெடுமரத்து வேலை காத்திருந்தது. பழைய முறையில் முடிச்சிட்டு ஏற வேண்டும். அதற்கான கயிறு எதுவென்று அவனுக்குத் தெரியாது. ஆகவே “குடும்பத்துல என்ன பகை?” என்று அணில் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

கடையில் ஏறுகயிற்றைப் பழுதற்றதாகவே அணில் தேர்ந்தான். எஞ்சியது பிடிகயிறு: ஏறுகயிற்றைச் சுற்றி முடிச்சிடும் சிறு துண்டு. உடல் எடை விழுந்தால் அது இறுகிப் பற்றும். எடை நீங்கினால் நெகிழ்ந்து நகரும். அளவுக்கு மிஞ்சித் தடித்தால் பற்றாது வழுக்கும். அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் விடாது இறுகும். முன்னது கொல்லும், பின்னது கொல்லாது, இறங்கவும் விடாது.

அவன் கை முதலில் தடித்ததன்மேல் சென்றது. அங்கேயே தங்கியது. பின்பு, செத்தவனுக்குப் பேச வாய் ஏது என்று எண்ணி, மெல்லியதை எடுத்தான்.

“இந்தக் கயித்துக்கு இது கொஞ்சம்...” என்று கடைக்காரர் தொடங்கினார்.

“இதுதான் வேணும்” என்றான் அணில். கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சகலையின் வாய்த்துடுக்கு நினைவுக்கு வந்ததோ என்னவோ, வாயை மூடிக்கொண்டார்.

“அறுந்துடாதே அண்ணே?”

“அறுந்தா என் மீசைய எடுத்துடறேன்.”

மறுநாள் காலை அணில் தரையாளாக நின்றான். குடியிருப்பின் மேலாளர் அம்மையார், முன்பெல்லாம் வேலைக்கு அவனையே அழைத்தவர், அவனைக் கண்டும் காணாதவர்போல நின்றார். சகலை முடிச்சிட்டான்.

“இன்னும் ரெண்டு சுத்து சுத்திக்கோ தம்பி. பாதுகாப்பா இருக்கும்” என்றான் அணில்.

அச்சம் மிக்கவன் மூன்று சுற்றினான்.

ஏறும்போது தடையேதும் இல்லை. உச்சியருகே கிளையொன்றை வெட்டிவிட்டு, முழு எடையோடு தொங்கி இறங்க முற்பட்டபோது முடிச்சு கல்லாயிற்று. இழுத்தான், குலுக்கினான், குத்தினான். எட்டும் தொலைவில் கால்வைக்கக் கிளை இல்லை.

“அண்ணே, மாட்டிக்கிச்சு!”

“நல்ல கயிறு. விடாது.”

“விளையாடாதண்ணே! பெல்ட்டு தொடைய அறுக்குது. மேல வா!”

“நானா? நான்தான் பழங்கயித்துல ஏறி விழுறவனாச்சே. என்ன நம்பலாமா?”

காவலாளியும் வேலையாட்களும் கூடினர். ஏணி வண்டியை வரவழைக்கட்டுமா என்றார் அம்மையார். “வரட்டும்மா. அதுக்குள்ள தம்பி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்று அணில் அண்ணாந்து நோக்கினான். “என் கயித்துல பைன் பிசின் எப்படி வந்துச்சு?”

மேலிருந்து வசை; பின்பு அழுகை.

“நான்தான் எடுத்தேன்! கட்டை இறக்கினேன்! அலசி வெச்சா தெரியாதுன்னு நெனச்சேன். அண்ணன் மேல தப்பில்ல. போதுமா? வா!”

“பழங்கயிறுன்னு சொன்னது?”

“பொய்! பொய்யிண்ணே!”

அம்மையார் அணிலை நோக்கித் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் அதற்குக் காத்திருக்கவில்லை. ஏறலாம் என்று மருத்துவர் சொன்னதை வீட்டிலும் சொல்லாதவன், தன் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்துவந்து உயரக்கிளையில் எறிந்து மாட்டினான். இடுப்பு நொந்தது, நோவைப் பொருட்படுத்தாது ஏறினான்.

நேருக்கு நேர் வந்ததும், சகலையின் கயிற்றில், கீழே நகர்த்தும்படி ஒரு கால்வளையம் முடிச்சிட்டான். “இதுல ஏறி நில்லு. எடை போனா முடிச்சு இளகும். ஒரு சுத்தைப் பிரிச்சுட்டு, முடிச்சையும் வளையத்தையும் மாத்தி மாத்தி இறக்கிக்கிட்டே போ.”

வளையத்தில் ஏறி நின்ற சகலை முடிச்சை நெகிழ்த்தினான். அதன் மெலிவை அப்போதுதான் உற்றுப் பார்த்தான் போலும்.

“தெரிஞ்சேதான் வாங்குனியா அண்ணே?”

“தேடித்தான் வாங்கினேன். தடிச்சது ஒண்ணும் இருந்துச்சு. அதை வாங்கியிருந்தா இந்நேரம் நீ கீழ கெடப்ப.”

சகலை அவசரமாக ஒரு சுற்றைப் பிரித்தான். ஒவ்வோர் அடிக்கும் நின்று, வளையத்தை இறக்கி, குழந்தைபோல் விசும்பியபடி சென்று தரை சேர்ந்தான்.

நெஞ்சு குளிர்ந்துவிடும் என்று அணில் எண்ணியிருந்தான். குளிரவில்லை. இன்னும் கொஞ்சம் தொங்கவிட்டிருக்கலாம் என்றே தோன்றியது. பட்டுப்போன பெருங்கிளை தலைக்குமேல் நீண்டிருந்தது. அதுவரை ஏறி, கயிற்றை மாற்றிக் கட்டி, ரம்பத்தை உருவினான்.

“கீழ எல்லாரும் வெலகுங்க!”

முதலில் விலகியவன் சகலை.