வேலைச் சான்று

செவிலியர் கல்லூரிப் பதிவு அலுவலகத்தின் முன்னே அன்று காலை ஐந்து பேர் இருந்தார்கள். கரும்புவெட்டுக் குழு ஒன்றின் மேஸ்திரி எலாதியோ வில்யால்பா. அந்தக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவர் மகள் லிதுவினா. அவளுடைய ஞானத்தாய் தோன்யா பெர்லா. தலைநகர் அசுன்சியோனில் மாடிவீடும் காரும் உள்ளவள்; லிதுவினா தங்கியிருப்பதும் அவள் வீட்டில்தான். லிதுவினாவின் வகுப்புத் தோழி கிரிசெல்டா. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் எழுத்தர் ரெகால்தே.

எலாதியோ பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். தொப்பி முழங்கால்மேல் இருந்தது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டின் கைகள் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டதால், கரும்புத் தோகை கிழித்த பழைய கோடுகள் வெளியே தெரிந்தன. காலடியில் ஒரு சாக்கு. அதில் இரண்டு பாலாடைக் கட்டியும், கால் கட்டிய ஒரு கோழியும். தோன்யா பெர்லாவுக்குக் கொண்டுவந்தவை.

வந்ததும் லிதுவினா நெஞ்சுக்கு நேரே கைகூப்பி ஆசி கேட்டிருந்தாள். அவரும் காற்றில் சிலுவை வரைந்து கொடுத்திருந்தார்.

"லிது, உங்கப்பா சட்டைக்குப் போட்டது கஞ்சியா, சிமெண்டா?" என்று கிரிசெல்டா மெல்லக் கேட்டாள்.

"சும்மா இருடி. காதுல விழும்."

விஷயம் சுருக்கமானதுதான். இந்த ஆண்டு முப்பத்தொரு நாள் லிதுவினா வகுப்புக்கு வரவில்லை. அத்தனை நாள் வராதவர்கள் தேர்வு எழுத முடியாது. போன வருடமும் இதே காரணத்தால் எழுதவில்லை என்பதால், இந்தமுறை அவள் இடமே போய்விடும். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேலை கொடுத்தவர் ஒரு சான்று எழுதித் தரவேண்டும். அவர் தராவிட்டால், பெற்றவர் எழுத்தர் முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட்டாலும் போதும்.

சான்றுக்கான தாள் தோன்யா பெர்லாவின் மடியில் வெறுமையாகக் கிடந்தது. அதையே விசிறியாக்கிக் கழுத்துக்கு வீசிக்கொண்டாள்.

"என் கையால எப்படி எழுதுவேன், கொம்பாத்ரே?" என்றாள். பிள்ளையைப் பெற்றவனும் ஞானத்தாயும் ஆயுசுக்கும் அழைத்துக்கொள்ளும் முறை அது. "ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நான் கையில ஏந்தின பொண்ணு. வேலைக்காரின்னு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் உங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதானே, கொமாத்ரே," என்றார் எலாதியோ.

லிதுவினா அவர் பக்கமாகச் சாய்ந்தாள். "அப்பா, காலைல அஞ்சு மணிக்கு முற்றம் கழுவுறேன். ஆறு பேருக்குக் காப்பி, ரொட்டி. அப்புறம் துணி. அவங்க பேரப்பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல விட்டுட்டு பஸ் புடிக்கிறதுக்குள்ள முதல் வகுப்பு முடிஞ்சிடுது. விருந்தாளி வந்துட்டா அன்னைக்கு முழுசா போச்சு."

"பொம்பளப் பிள்ளை வீட்டு வேலை செய்யுறதுதான்."

"சம்பளம் இல்லாமயா?"

"பெத்த மகளுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?"

"நான் அவங்க பெத்த மக இல்லயேப்பா."

ஊரில் அரைவாசி வீடுகளில் பிள்ளைகளை இப்படித் தலைநகரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சாப்பாடும் பள்ளிக்கூடமும் அங்கே ஏற்றுக்கொண்ட வீட்டார் பொறுப்பு, வீட்டு வேலை பிள்ளையின் பொறுப்பு. பன்னிரண்டு வயதில் லிதுவினாவை விட்டுவிட்டுத் திரும்பிய அன்றைக்கே எலாதியோ தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார்: "நீங்கள்லாம் பிள்ளைய வேலைக்கு விட்டவங்க. நான் உறவுல விட்டவன்." பத்து வருடமாக வெட்டுக்களத்தில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை. மறுத்திருந்தால் அடுத்த நாள் அவனுக்கு வெட்டக் கரும்பு வரிசை கிடைத்திருக்காது.

கிரிசெல்டா அவர் எதிரே வந்து குந்தினாள். "ஐயா, நான் சின்னவ, தப்பா எடுத்துக்காதீங்க. பிரசவ வார்டுல இவள மாதிரி ஊசி போட எங்க செட்டுல ஆளில்ல. டாக்டரே இவளத்தான் கூப்பிடுவாரு. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலை செய்யுறான்னு. இங்க நாலு சுவத்துக்குள்ளதான்."

"யாரும்மா நீ?"

"சந்தையில கிழங்கு விக்கிறவ மக. எங்கம்மா போன வாரமே எனக்குச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"உங்கம்மா போடுவாங்க," என்றார் எலாதியோ.

ரெகால்தே கம்பிக்குள்ளிருந்து கூப்பிட்டார். எலாதியோ எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். தோன்யா பெர்லாவும் கூடவே எழுந்து அவர் தோளருகே வந்து நின்றாள்.

"தோன் எலாதியோ, கேள்வி ஒண்ணுதான். உங்க மக இந்தம்மா வீட்ல வேலை செய்யுறாளா?"

வெளியே வேப்பமரத்தடியில் மாணவர்கள் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே குவளை வட்டமாகக் கைமாறிப் போனது. ஒருத்தி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். சாக்குக்குள் கோழி ஒருமுறை புரண்டது.

"எங்க குடும்பத்துல யாரும் அடுத்தவங்க வீட்ல வேலைக்காரியா இருந்ததில்ல," என்றார் எலாதியோ. "என் மக அங்க மகளா இருக்கா."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா, ஐயா? இதை எழுதினா நாளைக்கு மாத்த முடியாது."

"வில்யால்பா சொன்ன சொல்ல மாத்துறதில்ல."

ரெகால்தே லிதுவினாவை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார், முத்திரை குத்தினார், தாளைத் திருப்பி வைத்தார். எலாதியோ தன் பெயரைப் பெரிய எழுத்தில், நிறுத்தி நிறுத்திப் போட்டார்.

லிதுவினா தான் போட்டிருந்த கல்லூரி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கிரிசெல்டாவிடம் கொடுத்தாள். "உன்னது கிழிஞ்சிருக்குல்ல. வச்சிக்க."

பிறகு அப்பாவிடம் வந்து கைகூப்பினாள். அவர் கை உயர்ந்தது. சிலுவையின் குறுக்குக்கோடு பாதியில் நின்றது. அவள் காத்திருக்கவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு தோன்யா பெர்லாவின் பின்னாலேயே நடந்தாள். கார்க் கதவை ஞானத்தாய்க்குத் திறந்து சாத்திவிட்டு, பின்சீட்டில் கோழியோடு ஏறி உட்கார்ந்தாள்.

கிரிசெல்டா போகிற போக்கில் சொன்னாள்: "ஐயா, உங்க சட்டை கசங்கவே இல்ல."

ஜூன் மாதம் ஆலை திறந்தது. எடைமேடைக்கு வெளியே கரும்பு வண்டிகள் வரிசையில் நின்றன. தன் வண்டி நகரக் காத்திருந்தபோது முன்வண்டியின் மறைவில் இரண்டு ஆட்கள் பேசுவது எலாதியோ காதில் விழுந்தது.

"மேஸ்திரி மக படிப்ப விட்டுட்டாளாமே?"

"ஆஸ்பத்திரிப் பையன் ஒருத்தனோட ஓடிட்டா. வயித்துல பிள்ளையாம். இந்த மனுஷன் எப்படி நம்மகிட்ட வாய் திறப்பான்?"

எலாதியோ கீழே இறங்கி அவர்கள் எதிரே போய் நின்றார். ஒருவன் எழுந்து தொப்பியைக் கழற்றினான். மற்றவன் மாட்டுக் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்தான்.

"ஓடல," என்றார் எலாதியோ. "எந்தப் பையனும் இல்ல. அசுன்சியோன்ல தோன்யா பெர்லா வீட்ல வேலைக்காரியா இருக்கா. பன்னெண்டு வயசுல இருந்து."