சிவப்பு இல்லாத முடிச்சு

“அம்மிணி, நெயில் பாலிஷ் இருந்தாக் கொஞ்சம் குடு.”

“ஆருக்குங்க, உங்களுக்கா?”

“போர்டுக்கு.”

ஏதோ கல்யாணத்துக்கு வாங்கிய சீசாவின் அடியில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போர்டில் தான் பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு வைத்தார். “செவப்பு இருந்தா நான் பத்தவெச்சது. இல்லீன்னா வேற ஆரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.”

அப்போது பக்கத்துத் தறிக்கூடத்தில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. எங்கள் குழல்விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது. “பாத்தியா?” என்று சிரித்தார். பிறகு ஏதோ சாமான் வாங்கப் பாலம் தாண்டிப் பவானிக்குப் போனார். லாரி மோதிவிட்டது. உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

என் கணவர் சந்திரசேகர் குமாரபாளையத்தில் ஆட்டோ தறிகளின் எலக்ட்ரானிக் கார்டுகளைப் பழுது பார்த்தவர். பக்கத்துத் தறிக்கூடம் அர்த்தநாரியுடையது. அங்கே கார்டுகள் அடிக்கடி கருகின. “இவரு பட்டறைல என்னத்தையோ ஓட்டறாரு, அந்த அதிர்ச்சி லைன்ல ஏறி என்ற தறிக்கு வருது” என்று டீக்கடையில் அர்த்தநாரி சொன்னார். இரண்டு கட்டடத்துக்கும் ஒரே லைன்தான். கார்டைக் கெடுப்பதும் இவரே, சரிசெய்வதும் இவரே என்று ஊர் பேசியது. வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள்.

அதற்காகத்தான் அவர் அந்த போர்டை வரைந்து, செய்தார். நொடிக்குப் பத்துக் கோடி முறை மின்னழுத்தத்தை அளந்து வைத்துக்கொள்ளும். அதிலிருந்து இரண்டு கேபிள்கள். ஒன்று கூரையைச் சுற்றி அர்த்தநாரியின் கூடத்துக்குப் போனது. மற்றது எங்கள் பட்டறை மெயின் சுவிட்சுக்கு. அதிர்ச்சி எந்தப் பக்கம் முதலில் தெரிகிறதோ அங்கேதான் அது பிறக்கிறது. எங்கள் மெயின் கைக்கெட்டும் தூரம்தான். ஆனாலும் கூடத்துக்குப் போன அதே நீளத்துக்குக் கேபிள் எடுத்து, மிச்சத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார். “நீளம் ஒண்ணாட்டம் இல்லீன்னா, குட்டையா இருக்கற பக்கம் முந்தி வந்துரும். போர்டு பொய் சொல்லிப்போடும்.”

காரியமெல்லாம் முடிந்தபின், சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் அவருடைய தம்பி மகள் நித்யஸ்ரீ வந்து போர்டை லேப்டாப்பில் இணைத்தாள். அர்த்தநாரியும் பார்க்க வந்தார். கம்ப்ரஸர் ஓடியது. திரையில் இரண்டு கோடுகள் எழும்பின. எங்கள் பட்டறையின் கோடு முதலில் எழுந்தது.

அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டார். “நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க அம்மிணி. அவரு செஞ்ச மிசினே சொல்லுது.”

அதன்பின் நான் என் கணவரையே சந்தேகித்தேன். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தார்? ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தேன். தெரியாத கருவி கையில் பட்டால், இதுதானோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அப்படித் தேடும்போதுதான் அந்த ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன்.

கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு டேப். பிரித்தால் உள்ளே முறுக்கிவிட்ட கம்பிகள், அறுந்த இழையைத் தறிக்காரர்கள் முடிகிற மாதிரி. சிவப்பு இல்லை.

சாவன்று ஆட்கள் உட்காரப் பட்டறையை ஒதுக்கிக் கொடுத்தது அர்த்தநாரியின் தறியாட்கள். அவர்களில் செங்கோடனை டீ நேரத்தில் பிடித்தேன்.

“ஆமாங்கக்கா, நாந்தான். தொங்கிட்டுக் கெடந்துச்சு, வர்றவங்க கால்ல சிக்கும்னு வெட்டி முடிஞ்சு உட்டேன். தறில தொங்கறத உடமாட்டமில்ல, அந்தப் பழக்கந்தான்.”

“நீயா வெட்டுனயா, ஆராச்சும் சொன்னாங்களா?”

செங்கோடன் கூடத்துப் பக்கம் பார்த்தான். “ஓனருந்தான் அங்க நின்னுட்டிருந்தாருங்க.”

நின்றாரா, சொன்னாரா? அவன் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கூடத்துக்குள் போய்விட்டான்.

நித்யஸ்ரீ சம நீளத்தில் புதுக் கேபிள் போட்டாள். இப்போது தறிக்கூடத்தின் கோடுதான் முதலில் எழுந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தோம், மாறவில்லை. அர்த்தநாரியை அழைத்துக் காட்டினோம். அவர் உட்காரவே இல்லை.

“புள்ள பெரியப்பம் பக்கந்தான பேசும். கம்பிய வெட்டுனா ஒண்ணு, நீட்டுனா ஒண்ணுன்னா அதென்ன மிசினுங்க?”

“அப்ப வெட்டுனது உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்றேன்.

“செங்கோடன் சொன்னான்” என்றார். கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் போன பிறகும் அந்தப் பார்வையை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பொய் சொல்கிறவர் பார்வையா அது என்று இன்னும் பிடிபடவில்லை. டீக்கடையில் பேச்சும் மாறவில்லை.

பட்டறையின் ஃபியூஸைக் கழற்றிச் சமையலறை டப்பாவில் போட்டுவிட்டேன். அங்கே இப்போது எதுவும் ஓடுவதில்லை. கூடத்தில் கார்டுகள் கருகிக்கொண்டுதான் இருக்கின்றன. ஈரோட்டுக்கு எடுத்துப் போகிறார்களாம்.

காலையில் அர்த்தநாரியின் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது, எங்கள் வீட்டுக் குழல்விளக்கு ஒருமுறை மங்கி மீள்கிறது.