ஓரம் வரை வெண்ணெய்

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் வெந்நீர்கூட வைத்தறியாத பிரபாகர், அந்த ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து சாண்ட்விச் செய்கிறேன் என்றபோதே சுகுணாவுக்குச் சந்தேகம் தட்டியது.

ரொட்டியின் ஓரம் வரை வெண்ணெய் தடவினான். வெள்ளரிக்காயையும் தக்காளியையும் சீவித் துணியில் ஒற்றினான். கடலைச் சட்டினியை ஒரு பக்கம் மட்டும் பூசினான்.

“அதென்னங்க ஒரு பக்கம்? எனக்கு ரெண்டு பக்கமும் அப்புனாத்தான் புடிக்கும்.”

“அப்புனா நமத்துப்போயிரும். மூலை வரைக்கும் வெண்ணெய் இருந்தாத்தான் தக்காளித் தண்ணி ரொட்டியில எறங்காது.”

தினமும் அதியமான்கோட்டையில் பஸ் ஏறி ஓசூர் கம்பெனிக்கு மெஷின் ஓட்டப் போகிறவனுக்கு இவ்வளவு பக்குவம் எங்கிருந்து வந்தது? எவளோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மூன்று மாதமாகச் சட்டையில் அடிக்கும் வெண்ணெய் வாசனைக்கு இப்போதல்லவா அர்த்தம் புரிகிறது! அவளுக்குப் பிடித்த மாதிரியே செய்கிறான். இன்றைக்குக் கேட்காமல் விடுவதில்லை என்று சுகுணா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

பிரபாகர் தோசைக்கல்லில் போட்டு, தட்டால் அழுத்திச் சுட்டெடுத்தான். உடனே வெட்டாமல் சற்று ஆறவிட்டு, குறுக்கே ஒரே வெட்டு. கத்தியைத் தோள்துண்டில் துடைத்தபடி நிமிராமலே கேட்டான்.

“இங்கயே சாப்புடறீங்களா, பார்சலுங்களா?”

கேட்டது என்னவென்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. கத்தி கையிலேயே நின்றது.

சுகுணா தட்டை வாங்கிக்கொண்டாள்.

“கம்பெனி வேல எப்பங்க போச்சு?”