காலியிடம்: பூஜ்யம்

காலையுணவுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி, இருபது நிமிடமாகக் காத்திருந்தாள் மேக்சின். வட இங்கிலாந்தில் ஹார்வுட்பரி முதியோர் இல்லத்தின் மேலாளர் அவள். மூன்று மாதமாகப் பரிமாறுவதும் அவள்தான், போதாததற்குத் துடைப்பமும் அவள் கையில்தான். இன்னும் நான்கு பணியாளர்கள் கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமையோடு மாடியை மூடியாக வேண்டும். மூடினால் மாடியறை ஈனிட் முப்பது மைல் தள்ளி வேறோர் இல்லத்துக்குப் போவாள். கீழறையில் சக்கரநாற்காலியோடு இருக்கும் அவள் கணவர் கிளிஃபர்ட் இங்கேயே கிடப்பார். கல்யாணமாகி அறுபத்திரண்டு வருடம்.

ஒருவழியாக உள்ளாட்சிக் கவுன்சில் அதிகாரி நைஜல் போனை எடுத்தான். ஆள் தட்டுப்பாடு உள்ள இல்லங்களுக்கு மட்டும்தான் தற்காலிக ஆட்களை அனுப்புவோம் என்று பாடம் ஒப்பித்தான்.

"உங்ககிட்டதான் காலியிடமே இல்லையே மேக்சின். பூஜ்யம்னு நீங்களே போட்டிருக்கீங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணியாளர் புள்ளிவிவரப் படிவம் கேட்டது அப்படி: இப்போது ஆள் தேடும் இடங்கள் எத்தனை? ஏழு மாதம் விளம்பரம் போட்டு, வந்த ஒரே பெண்ணும் மதியச் சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பாமல் போக, ஏப்ரலில் மேக்சின் தேடுவதையே விட்டிருந்தாள். தேடாத இடம் காலியிடம் ஆகாதாம். யோக்கியமாகப் பூஜ்யம் போட்டுத் தொலைத்தாள்.

"தேடி அலுத்துப்போய் விட்டுட்டேன்யா. அதுக்காக ஆள் வந்துட்டாங்கன்னு அர்த்தமா?"

"புரியுது. ஆனா அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே. திருத்தி அனுப்புங்க, அக்டோபர் கணக்குல ஏறிடும்."

நாசமாய்ப்போன அக்டோபர். மாடி மூடுவதோ இந்த வெள்ளிக்கிழமை. போனை வைத்தவள், இழுப்பறையிலிருந்து பழைய விளம்பர அட்டையை எடுத்து, தேதியை அடித்து மாற்றி, வாசல் கண்ணாடியில் ஒட்டினாள். இனி நாலு பேரைத் தேடுகிறாள், நைஜல் எழுதிக்கொள்ளட்டும்.

கண்ணாடியருகே கிளிஃபர்ட் தலைவாரி உட்கார்ந்திருந்தார். தினமும் பதினொரு மணிக்கு ஈனிடைத் தேநீருக்குக் கீழே கூட்டி வருவார்கள். அவளைப் படுக்கையிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும், அது விதி. இன்று மாடியில் ஒரே ஒரு பணிப்பெண்தான். மேக்சினோ கீழே பதினொரு பேரை விட்டு நகர முடியாது.

"இன்னைக்கு முடியாது கிளிஃபர்ட். ஒரு ஆள் குறையுது."

அவர் அட்டையை நிதானமாகப் படித்தார். "இன்னொரு கைதானே வேணும்? என் பேரை எழுதிக்கம்மா."

மாடி மணி அடித்தது. ஈனிடின் அறை. கிளிஃபர்ட் சக்கரங்களை உருட்டிப் படிக்கட்டின் அடிவரைக்கும் போய், கைப்பிடியின் கடைசிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.