கழுத்தோடு கிழிந்த புகைப்படம்

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, நோர்பெர்த்தோவின் காப்பிக்கடையில் நாட்டைக் காப்பாற்றும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. காப்பாற்றிக்கொண்டிருந்தவர் எவரிஸ்தோ. வயது எழுபத்தைந்து. ஜன்னலோர மேசை, ஆறிப்போன காப்பி, அடுக்கடுக்காகக் காகிதங்கள், ஒரு பேனா. பேனாவில் கயிறு கட்டி, கயிற்றை மேசைக்காலில் முடிந்து வைத்திருந்தார். யாரும் சட்டவிரோதமாக எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது அல்லவா?

காகிதங்கள் ஒரு மனு. 'முறையான ஆவணம் இல்லாமல் போர்ச்சுகலுக்குள் வந்தவர்களுக்குப் பொது மன்னிப்பு வழங்கும் திட்டத்தை அரசு உடனே கைவிட வேண்டும்.' இரண்டு வருடம் ஓரிடத்தில் தங்கி வேலை செய்தவர்களுக்குக் காகிதம் கொடுப்பதாக அரசு அறிவித்துவிட்டது. விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அறிவித்தது சரியா தவறா என்று லிஸ்பனில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். வால்தோரோ கிராமத்தில் அடிதடி இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மன்னிப்பு கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் பதினெட்டுப் பேர் பிரான்சிலேயே குடியிருப்பவர்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில், வந்ததோடு வந்ததாக, வெளிநாட்டில் போய்க் குடியேறுவதைக் கண்டித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றார் எவரிஸ்தோ. "பின்பக்கமாப் பூந்து வந்தவன் கையில முன்வாசல் சாவியக் குடுப்பீங்களா?"

சீட்டாடிக்கொண்டிருந்த மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நீ பிரான்சுக்கு வரிசையில நின்னுதான் போன, இல்ல?"

"நான் போனது வேற. நான் குதிச்சேன்."

ஆமாம், அது வேறுதான். சர்வாதிகாரி காலத்தில், ஆப்பிரிக்கச் சண்டைக்குப் பிடித்துப் போவார்களே என்று பயந்தும் பசிக்குப் பயந்தும், இந்த மலைப்பக்கத்து இளைஞர்கள் ஸ்பெயினைக் கடந்து பிரான்சுக்குப் போனார்கள். கடவுச்சீட்டு கிடையாது, அனுமதி கிடையாது. அதற்குக் 'குதிப்பது' என்று பெயர். குதிப்பதில் ஒரு வீரம் இருக்கிறது. நுழைவதில் இல்லை. இந்த வித்தியாசம் வால்தோரோவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

"அவன் சொல்றது சரிதான்யா," என்றார் கல்லாவில் இருந்த நோர்பெர்த்தோ. மனுவில் இரண்டாவது கையெழுத்து அவருடையது. ஊரிலேயே பெரிய செர்ரித் தோட்டமும் அவருடையதுதான். அதில் பழம் பறிக்கும் ஐந்து நேபாளிகளும் அவருடைய பழைய கழுதைக் கொட்டகையில்தான் தங்கியிருந்தார்கள். கழுதை இருந்த காலத்தில் அவர் வாடகை வாங்கியதில்லை. "காகிதம் கைக்கு வந்துச்சுன்னு வையி, மறுநாளே பஸ் ஏறிப் பிரான்சு போயிடுவானுங்க. அப்புறம் என் பழத்தை எவன் பறிப்பான்?"

"நன்றி கெட்டவனுங்க," என்றார், பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் பிரான்சு போன எவரிஸ்தோ.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அந்த ஐவரில் ஒருவனான கிம்லால் வந்தான். முப்பது வயதிருக்கும். விரல் நகமெல்லாம் செர்ரிச் சாறு ஏறிக் கருத்திருந்தது. கையில் ஊர்மன்ற அலுவலகத்துப் படிவம். இரண்டு வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறான் என்று இரண்டு உள்ளூர் வாக்காளர்கள் நேரில் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாக்காளர் ஒருவருக்குத்தான் சாட்சி சொல்லலாம். அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும்.

"முதலாளி, ஒரு சாட்சி ஆச்சு. இன்னும் ஒரு கையெழுத்து. ஒண்ணே ஒண்ணு," என்றான், படிவத்தைக் கல்லாமேல் வைத்து.

நோர்பெர்த்தோ மனசுக்குள் கணக்குப் போட்டார். சாட்சி சொன்னால் எங்கே தங்கியிருந்தான் என்று கேட்பார்கள். கொட்டகை வெளியே வரும். கொட்டகைக்குப் பின்னால் வரிக்காரன் வருவான்.

"படிச்சுப் பாக்காம போடக் கூடாதுப்பா. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்," என்றார். கண்ணாடி அவர் நெற்றிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

கிம்லால் சீட்டாட்ட மேசைக்குப் போனான். அங்கே நாலு பேருக்கும் அதே சமயம் கண்ணாடி வீட்டில் தங்கிவிட்டது. கண்ணாடி இல்லாமலே ராணியையும் ராஜாவையும் அடையாளம் கண்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எவரிஸ்தோ மட்டும் படிவத்தைக் கையில் வாங்கினார். எதையும் முழுக்கப் படித்துவிட்டு மறுப்பது அவர் வழக்கம். முதல் சாட்சியின் பெயரைப் படித்ததும் முகம் மாறியது.

"இது எப்போ போட்டது?"

"காலையில ஐயா. அம்மாவே கூட்டிட்டுப் போனாங்க."

சீட்டாட்டக்காரர் ஒருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலே உரக்கப் படித்தார்: "தியோலிந்தா! எவரிஸ்தோ, உன் வீட்டம்மா!"

கடை குலுங்கிச் சிரித்தது. எவரிஸ்தோ படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனுவைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு நடந்தார். வேகத்தில், மனுவுக்குள் சிக்கிய பேனா கயிற்றை இழுக்க, மேசையும் கொஞ்ச தூரம் வந்தது; அப்புறம்தான் பேனா கழன்று விழுந்தது.

*

தியோலிந்தா உப்புமீனையும் உருளைக்கிழங்கையும் தட்டில் வைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுடி கையெழுத்துப் போட்ட?"

"யாரைக் கேக்கணும்? ஊர்த் துவைதொட்டியில இப்பத் துணி துவைக்கிறது ரெண்டே பேரு. நானும் அவனும். மத்தவளுக எல்லாம் மிஷின் வாங்கிட்டாளுக. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம எதிரெதிர நின்னு துவைக்கிறோம். பாத்தியான்னு கேட்டாங்க, பாத்தேன்னு சொன்னேன். இதுக்கு உன் உத்தரவு வேற வேணுமா?"

"ஊரு முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்குது!"

"சிரிக்கட்டும். உன்னைப் பாத்து ஊரு சிரிக்கிறது இது முதல் தடவையா?" என்று சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினாள்.

சுவரில் அந்தப் புகைப்படம் மாட்டியிருந்தது. பத்தொன்பது வயது எவரிஸ்தோ, மாமாவிடம் இரவல் வாங்கிய கோட்டில் விறைப்பாக நிற்கிறார். கழுத்துக்குக் குறுக்கே கிழிந்து, மறுபடி ஒட்டிய கோடு.

அந்தக் காலத்தில் குதிக்கிற ஒவ்வொருவனும் தன் படத்தை இரண்டாகக் கிழிப்பான். ஒரு பாதி வீட்டில், மறு பாதி அவன் சட்டைப்பையில். பிரான்சில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் தன் பாதியைத் தபாலில் அனுப்புவான். இரண்டும் பொருந்தினால்தான் கூட்டிக்கொண்டு போனவனுக்கு மீதிக் கூலி. எல்லோரும் நெடுக்காகக் கிழித்தார்கள்: இங்கே ஒரு கண், அங்கே ஒரு கண். எவரிஸ்தோ தன் அழகின்மேல் வைத்திருந்த மரியாதை காரணமாக முகத்தைக் கிழிக்க மனம் வராமல், கழுத்தோடு குறுக்கே கிழித்தார். தலையைத் தான் எடுத்துக்கொண்டு, மீதியை நிச்சயம் செய்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"நாப்பது நாளு," என்றாள் தியோலிந்தா. "நாப்பது நாளு கோட்டையும் கால்சட்டையையும் கையில வச்சுக்கிட்டு அழுதேன். உங்கம்மா பாதிரியார்கிட்டப் போயி, 'தலை இல்லாத படத்துக்குப் பூசை வைக்கலாமா'ன்னு கேட்டாங்க. ஆத்துல போனியா, பனியில போனியான்னு தெரியாம இருந்தேன்யா நான்."

எவரிஸ்தோ முள்கரண்டியால் உருளைக்கிழங்கைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏன் நாப்பது நாளு ஆச்சு? சொல்லு."

அவருக்குத் தெரியும். காப்பிக்கடையில் ஐம்பது வருடமாகச் சொல்லும் கதைகளில் இது மட்டும் வராது. பாரிசுக்கு வெளியே, சேற்றில், தகரமும் பலகையுமாக ஆயிரக்கணக்கான குடிசைகள். அவற்றுக்குத் தெருப்பெயர் இல்லை, எண் இல்லை. அனுப்புநர் விலாசம் இல்லாத கடிதத்துக்குப் பதில் எங்கே வரும்? பதில் வராத கடிதத்தை எழுதி என்ன செய்வது? தலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

காலையில் முழங்கால்வரை சேறு. அந்தச் சேற்றோடு நகரத்துக்குள் போனால் எங்கிருந்து வருகிறான் என்று தெரிந்துவிடும். அதனால் எல்லோரும் ஒரு பையில் சுத்தமான செருப்பு வைத்திருப்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒற்றைக் காலில் நின்று மாற்றிக்கொள்வார்கள். வரிசையாக இருபது பேர், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, கொக்குக் கூட்டம் போல. ஒருவன் தடுமாறினால் மொத்தக் கொக்கும் விழும், விழுந்த இடத்திலேயே சிரிக்கும். குளிரில் அந்தச் சிரிப்பு ஆவியாக மேலே போகும். அதை நினைத்தால் இன்றும் எவரிஸ்தோவின் தொண்டைக்குள் ஏதோ இனிக்கும்.

இறங்குகிற இடத்தில் ஒரு ரொட்டிக்கடை. கண்ணாடிக் கதவில் ஆவி படிந்திருக்கும், திறந்தால் சூடான மாவு வாசனை முகத்தில் அடிக்கும். மிச்சத் துண்டு ரொட்டி வாங்குகிற சாக்கில், குளிர் காய உள்ளே போவார். கடைக்காரி மதாம் ஜினெத், கணவனை இழந்தவள், வாயைத் திறந்தால் திட்டுத்தான். ஒருநாள் அவர் ரொட்டிக்குக் காசு எடுக்கும்போது பையிலிருந்து தலை மட்டும் கீழே விழுந்தது. என்ன இது என்று கேட்டாள். தெரிந்த பத்து பிரெஞ்சு வார்த்தையில் விளக்கினார். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் சட்டென்று நிறுத்தி, "அந்தப் பொண்ணு பாவம்டா மடையா," என்று ஒரு தபால் உறையின் பின்பக்கம், அனுப்புநர் இடத்தில், தன் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம், ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்குப் பிரான்சு காகிதம் கொடுத்தது. குடியிருக்க ஒரு விலாசம் காட்ட வேண்டும். அதே மதாம் ஜினெத், 'இவர் என் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்' என்று கையெழுத்துப் போட்டாள். அவள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

தியோலிந்தா உள்ளே போய் அந்தப் பழைய உறையைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யாரு எவருன்னு தெரியாத ஒருத்தி உனக்காகப் பொய் எழுதிக் குடுத்தா. உன்னை உண்மையச் சொல்லச் சொன்னாக்கூடக் கை வர மாட்டேங்குது. அவனுக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு இருக்கு, தெரியுமா? போனுலதான் பாத்திருக்கான். காகிதம் இல்லாம ஊருக்குப் போனா திரும்ப வர முடியாது. மீனு ஆறுது, சாப்பிடு."

எவரிஸ்தோ சாப்பிடவில்லை. தொப்பியை எடுத்தார்.

*

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் ஊர்மன்ற அலுவலகத்துக்குள் போனபோது, கிம்லால் சுவரோரப் பெஞ்சில் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மனுவைக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து வழிவிட்டான்.

"சாட்சி சொல்ல வந்திருக்கேன்," என்றார் எவரிஸ்தோ.

செயலாளர் பெனில்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு சாட்சி? மனுவுக்கா?"

"இவனுக்கு."

"இவர் பேரு?"

எவரிஸ்தோவுக்குப் பெயர் வரவில்லை. கடையில் படிவத்தைப் படித்தவர், மனைவி பெயரைக் கண்ட கோபத்தில் அதற்கு மேலே படித்த பெயரை மறந்திருந்தார். இரண்டு வருடமாக அவனை 'ஏ நேபாளி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"கிம்லால், ஐயா," என்றான் அவன் மெதுவாக.

"கிம்லால். ரெண்டு வருஷம் முந்தின பிப்ரவரியில முதல்ல பாத்தேன்."

"மாசம் அவ்வளவு சரியா எப்படித் தெரியும், எவரிஸ்தோ அண்ணே? சும்மா எழுத முடியாது."

"பஸ் நிறுத்தத்துல பாத்தேன். மழை. தோட்டத்துச் சேத்தோட வந்தான். ஒத்தக் கால்ல நின்னு பூட்ஸைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு, சுத்தமான செருப்பை எடுத்து மாட்டினான். பிடிச்சுக்கத் தோளு இல்ல, கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டான்." எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். "அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன். தெரியாத மாதிரி திரும்பிக்கிட்டேன்."

பெனில்தா பேனாவை நிறுத்தினாள். "செருப்பு மாத்தினதெல்லாம் படிவத்துல கேக்கலையே."

"கேக்காட்டியும் எழுதும்மா."

எழுதினாள். முத்திரை விழுந்தது. கிம்லால் சான்றை இரண்டு கையாலும் வாங்கினான். நன்றி சொல்ல வந்தவனிடம் எவரிஸ்தோ, "நன்றியெல்லாம் வீட்டம்மாகிட்டச் சொல்லு. நான் நாப்பது நாளு லேட்டு," என்றார். அவனுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, விண்ணப்பத்தை அனுப்ப ஓடினான்.

*

காப்பிக்கடையில் எவரிஸ்தோ மனுவை விரித்தார். முதல் கையெழுத்து அவருடையது. அதை ஒரே கோடாக அடித்தார்.

"என்னய்யா இது?" என்று பதறினார் நோர்பெர்த்தோ. "பொண்டாட்டிக்குப் பயந்துட்டியா?"

"அதுவும்தான்," என்றார் எவரிஸ்தோ. "மனுவை நீயே வச்சுக்க. சட்டம் வேணும், வரிசை வேணும்னு உண்மையிலேயே நம்புறவன் கொண்டு போகட்டும், அதுல தப்பில்ல. ஆனா நாம அதை நம்பியா போட்டோம்? நான் என் சேத்தை மறந்துட்டுப் போட்டேன், நீ உன் கொட்டகைய மறைக்கப் போட்ட. நாம போனப்ப நமக்கு விலாசம் குடுத்தவங்கள எல்லாம் புண்ணியவான்னு ஐம்பது வருஷமாச் சொல்றோம். நம்மகிட்ட விலாசம் கேட்டு வர்றவனை மட்டும் குத்தவாளிங்கறோம். ஒருத்தனோட பாதிதான்யா அவன்கூட வருது. மீதிப் பாதி ஊருல காத்துக்கிட்டிருக்கு. ரெண்டையும் ஒட்டவைக்க ஒரு மூணாம் மனுஷன் வேணும். அன்னிக்கு நமக்கு ஒருத்தி இருந்தா. இன்னிக்கு அந்த மூணாம் மனுஷன் நாமதான்."

காப்பி இயந்திரம் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

எவரிஸ்தோ குனிந்து மேசைக்காலில் இருந்த முடிச்சை அவிழ்த்து, பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"கொட்டகையில இன்னும் நாலு பேர் இருக்கானுங்க. எட்டுக் கையெழுத்து. மணி மூணே கால். யாருக்காவது கண்ணாடி கிடைச்சுதா?"

சீட்டாட்ட மேசையில் ஒருவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோட்டுப் பைக்குள் கையை விட்டு, மெதுவாகக் கண்ணாடிக் கூட்டை வெளியே எடுத்தார்.