தோட்டா மெஷினும் நோன்புக் கஞ்சியும்

கண்டக்குழியில் மஸாஹிரின் பட்டறை எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். அங்கே செய்த சாமான் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டால்தான் பெரியவர்களும் வானத்தைப் பார்ப்பார்கள். தேங்காய் உரிக்கும் மெஷின் தேங்காயையே நசுக்கியது. வலை இழுக்கும் சில்லு வலையைக் கிழித்தது. கடைசியில் ஒன்று உருப்பட்டது, அதுவும் மனைவி சபூராவுக்குப் பிடிக்காத ஒன்று.

வண்ணாத்திவில்லுவில் சோளம் செய்யும் அன்ரனிப்பிள்ளையிடம் பன்றி விரட்ட ஒரு பெர்மிட் துவக்கு இருந்தது. வெடித்த தோட்டாக் கூட்டில் திரும்ப வெடிமருந்தை இறுக்க ஒரு மெஷின் கேட்டார். மஸாஹிர் நீளப் பிடி வைத்துச் செய்தான். லேசாக அமத்தினாலே யானை மிதித்த மாதிரி இறங்கும்.

சபூரா தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவள். சண்டை முடிந்து இத்தனை வருஷமாகியும் பட்டாசுச் சத்தத்துக்குக் கதவைச் சாத்துகிறவள்.

"துவக்குச் சாமான் இந்த வளவுக்குள்ள இரிக்கப்படாது," என்றாள். "இவ்வளவு அமத்துற பிடிக்கு, பள்ளிவாசல் கிணத்துத் தண்ணியில உப்ப எடுக்க ஏலாதா? கடற்கரை லொட்ஜ்ல கரண்ட்ல எடுக்கிறாங்கதானே."

அந்தக் கதை மஸாஹிரின் மண்டைக்குள் புகுந்துகொண்டது. லொட்ஜில் கழித்த வடிகட்டிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தான். தோட்டா மெஷினின் பிடியைக் கழற்றிப் பம்பில் பூட்டினான். கையால் அமத்த அமத்தத் தண்ணீர் குழாய்க்குள் நெருக்குப்பட்டு, உப்பை விட்டுவிட்டு மறுபக்கம் வர வேண்டும்.

"தலை நோன்புக் கஞ்சிக்குப் பாப்பம்," என்றார் பள்ளித் தலைவர் உசனார். "சரிவரல்லெண்டா கழட்டிக்கொண்டு போயிரு."

அன்ரனிப்பிள்ளை போனில் சொன்னார்: "சரிவராட்டி பிடிய எனக்குத் தாரும் தம்பி. பன்றி காத்துக்கொண்டிருக்காது."

பிடி திரும்பத் தோட்டாவுக்குப் போனால் புத்தளத்தில் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சபூரா சொல்லியிருந்தாள். அவள் சும்மா சொல்கிறவள் அல்ல.

மஸாஹிரின் வேலை எப்போதும்போலக் கடைசியில்தான் முடிந்தது. ரமழானின் முதல் நாளான தலை நோன்பன்று, விடியுமுன் சாப்பிடும் ஸஹர் முடிந்த பிறகு. இனி யார் குடித்துப் பார்ப்பது? ஆளுக்காள் மாறி அமத்தினார்கள், கிடாரம் நிறைந்தது. வருஷா வருஷம்போல நெய்னார் காக்கா கஞ்சி காய்ச்சினார். அவருக்கு ருசி பார்க்கிற பழக்கமே இல்லை, எல்லாம் கைக்கணக்கு.

பாங்கு சொல்லி, ஈத்தம்பழம் தின்று, எல்லாரும் கோப்பையை வாயில் வைத்தார்கள். முகங்கள் சுருங்கின. மஸாஹிரும் குடித்தான். சப்பென்று இருந்தது.

"மெஷின் கஞ்சிட ருசியையே உறிஞ்சிப்போட்டுது," என்றார் உசனார். "கழட்டு மஸாஹிர்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழும்பியவன், மனம் கேளாமல் நெய்னாரிடம் திரும்பினான்.

"காக்கா, உப்பு எவ்வளவு போட்டீங்க?"

நெய்னார் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் எந்தக் காலத்தில உப்புப் போட்ட? கிணறுதானே போடுற."

உசனார் இன்னொரு மிடறு குடித்தார். பிறகு மஸாஹிரின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உப்பளத்துக்குப் பக்கத்தில இரிந்துகொண்டு உப்பில்லாத கஞ்சி," என்றார். "ஓடிப் போய் ஒரு சிறங்கை உப்பு கொண்டுவா."

மஸாஹிர் வீட்டுக்கு ஓடினான். பள்ளியிலிருந்து அனுப்பிய கஞ்சி படியில் ஆறிக்கொண்டிருந்தது. சபூரா உப்புச் சட்டியோடு வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரு வாய் குடிச்சதுமே விளங்கிட்டு," என்றாள். "சட்டியோட கொண்டு போங்க."